மகன் பிட்சர், சட்டமன்றத்துக்கும் நிற்க வேண்டுமாம்!

வாசகியின் கேள்வி: கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் வசிக்கிறோம். 22 வயதாகும் எங்கள் மகன் மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைத் தொழில்முறை பேஸ்பாலில் பிட்சராக (பந்து வீசுபவனாக) இருக்கிறான். கல்லூரியில் அரசியல் படித்தவன். ஆடிக்கொண்டே மாநிலச் சட்டமன்றத் தேர்தலிலும் நிற்கப் போவதாகவும், இதற்கு முன்னுதாரணங்கள் இருப்பதாகவும் சொல்கிறான். கணவர் அவன் பக்கம். நான் தடுப்பதா, விடுவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் வீட்டுச் சண்டையைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். கென்டக்கியின் அரசியலமைப்புப்படி, சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் உறுப்பினராக 24 வயதும் மேலவையான செனட்டில் உறுப்பினராக 30 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். பிரதிநிதிகள் அவையில் அமர விரும்புபவர் தேர்தலுக்கு முன் இரண்டு ஆண்டுகளாவது மாநிலத்திலும், கடைசி ஓராண்டு தம் தொகுதியிலும் வசித்திருக்கவும் வேண்டும். ஆகவே இன்று நீங்கள் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் சட்டம் அவரைச் சிறிது காலம் காத்திருக்கத்தான் சொல்கிறது.

முன்னுதாரணம் உண்டு என்று உங்கள் மகன் சொல்வது உண்மையே. ஆனால் "ஆடிக்கொண்டே" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. அவர் மனத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஜான் டெனராக இருக்கக்கூடும். அயர்லாந்தில் பிறந்த டெனர் சிகாகோ அணியின் பிட்சராக இருந்தார். 1889 ஜனவரியில் கொழும்பிலும் ஆடிவிட்டுச் சென்ற, அந்த அணியின் உரிமையாளர் ஸ்பால்டிங் நடத்திய உலகச் சுற்றுப்பயணக் குழுவில் அவரும் ஒருவர் என்பது நம்மவர்களுக்குச் சுவையான செய்தி. 1911 முதல் 1915 வரை பென்சில்வேனியாவின் ஆளுநராகவும் இருந்தார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர், நம் ஊர் முதலமைச்சரைப் போன்றவர்.) பதவிக்காலம் முடியும் முன்பே, 1913 டிசம்பரில், பேஸ்பாலின் முதன்மை லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் தலைவராகவும் தேர்வானார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மாநிலமும் லீக்கும் ஒரே மனிதரின் பொறுப்பில் இருந்தன என்பது மெய்தான். ஆனால் அப்போது அவர் ஆட்டத்தை நிர்வகித்தார், ஆடவில்லை. அவர் கடைசியாகப் பந்து வீசியது 1890-ல்.

இப்போது உங்கள் மாநிலத்துக்கே வருவோம். பிட்சராக இருந்து அரசியலுக்கு வந்த ஜிம் பன்னிங்கின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1964 ஜூன் 21, தந்தையர் தினத்தன்று, ஃபிலடெல்பியா அணிக்காக நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக எதிரணியில் ஒருவரையும் முதல் பேஸைக்கூட (ஓட்டத்தின் முதல் நிலையைக்கூட) தொடவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தவர். கடைசி இன்னிங்ஸில், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், கேட்சரை (தாம் வீசும் பந்தைப் பிடிப்பவரை) தம் அருகே அழைத்து ஒரு நகைச்சுவை சொல்லுமாறு கேட்டாராம். கேட்சர் சிரித்ததோடு சரி. அந்த நிதானமும் அந்தப் புகழும் கைவசம் இருந்தும், அவர் 1971-ல் ஆட்டத்தை நிறுத்தி, சில ஆண்டுகள் மைனர் லீக் அணிகளை நடத்திவிட்டு, 1977-ல் ஃபோர்ட் தாமஸ் நகர மன்றத்தில்தான் தொடங்கினார். 1980-ல் மாநில செனட்டர். 1983-ல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வி. அதற்குப் பின்னரே வாஷிங்டனில் உள்ள நாட்டின் நாடாளுமன்றம். ஆட்டத்தின் புகழ் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். உள்ளே போன பிறகு ஒவ்வொரு படியாகத்தான் அவர் ஏற வேண்டியிருந்தது.

ஏன் ஒரே சமயத்தில் முடியாது என்பதை அறிய ஒரு நாட்காட்டி போதும். கென்டக்கி சட்டமன்றம் ஜனவரியில் கூடுகிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் மார்ச் இறுதிவரையும், இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் நடுப்பகுதிவரையும் நீள்கிறது. உங்கள் மகனின் வசந்தகாலப் பயிற்சியும் ஆட்டப் பருவத்தின் தொடக்கமும் அதே நாட்களில் வந்து விழுகின்றன. தேர்தல் ஆண்டிலோ, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் மே மாதத்தில் நடைபெறுகிறது; வீடு வீடாகக் கதவைத் தட்டியாக வேண்டிய அந்த வாரங்களில் அவர் எந்த ஊருக்கோ பேருந்தில் போய்க்கொண்டிருப்பார். இதைவிடப் பெரிய இடர் ஒன்றும் இருக்கிறது: அணி அவரை ஒரே நாளில் வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடலாம். பன்னிங்கே டெட்ராய்ட், ஃபிலடெல்பியா, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று மாற்றப்பட்டவர். ஆனால் வாக்குக் கேட்டது தாம் பிறந்த வட கென்டக்கியில்தான். எனவே உங்கள் மகன் எங்கே ஆடினாலும் வாக்காளர் பதிவு, ஓட்டுநர் உரிமம், வருமான வரி ஆகிய அனைத்திலும் லெக்சிங்டன் முகவரியே இருக்கட்டும். வெளியூரில் தங்கி ஆடுவது வசிப்பிட நிபந்தனையைப் பாதிக்குமா என்பதைத் தேர்தல் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அதற்காக அரசியலை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. டெனர் 1890-ல் சேர்ந்தது, அணி முதலாளிகளோடு முரண்பட்ட வீரர் சங்கமே தொடங்கிய லீக்கில். 1966-ல் தொழிற்சங்க வல்லுநர் மார்வின் மில்லரை வீரர் சங்கத் தலைமைக்குக் கொண்டுவந்த தேர்வுக் குழுவில் பன்னிங் இருந்தார். பேரம் பேசவும், எண்ணிப் பார்த்து விட்டுக்கொடுக்கவும் இருவருக்கும் ஆட்டத்துக்குள்ளேயே வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. மைனர் லீக் வீரர்களும் 2022-ல் அந்தச் சங்கத்தில் சேர்ந்தார்கள். மறு ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தால் மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் ஒன்றான சிங்கிள்-ஏ நிலையில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 டாலராக உயர்ந்தது. தம் அணியின் சார்பில் சங்கப் பிரதிநிதியாக இருக்க அவர் முன்வரட்டும். வாக்காளர் எவரும் இதைக் கவனிக்கப் போவதில்லை, ஆனால் பிற்காலத்தில் சட்டமன்றத்தில் பயன்படக்கூடிய பயிற்சி இதுதான் என்பது என் எண்ணம்.

உங்கள் கணவரிடம் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், "பிறகு" என்று சொல்லுங்கள். அவருக்கும் அதில் மறுப்பு இருக்காது. செப்டம்பரில் பருவம் முடிந்து மகன் வீடு திரும்பும்போது, சட்டமன்றத்தின் இடைக்காலக் குழுக்கள் மாநிலத் தலைநகரான பிராங்க்ஃபோர்ட்டில் கூடிக்கொண்டிருக்கும். பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். உங்கள் வீட்டிலிருந்து காரில் ஏறத்தாழ அரை மணி நேரம். முதல் முறை நீங்களும் உடன் போய் வாருங்கள்.