படுகர் அம்மா, சிலோன் அப்பா, கையில கேமரா

கேள்வி: அம்மா படுகர், அப்பா வீட்டுக்காரங்க சிலோன்லருந்து திரும்பி வந்து எஸ்டேட்ல வேலை பாத்தவங்க. ரெண்டு பக்கமும் ஒட்டாம வளந்துட்டேன், என்னால ஒளிப்பதிவாளர் ஆக முடியுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: கண்டிப்பா முடியும்மா. பாலு மகேந்திரா மட்டக்களப்புல பொறந்து புனேல படிச்சவர், உங்க ஊட்டி பக்கம் எடுத்த 'மூன்றாம் பிறை'க்குத்தான் (1982) ஒளிப்பதிவுக்கு தேசிய விருது வாங்கினார். உங்க படுகர் எத்தையம்மன் பண்டிகைக்கு எல்லாரும் வெள்ளை உடுத்தி வருவாங்கல்ல, பின்னாடி மூடுபனியும் வெள்ளை, கேமராவுல வெளிச்சத்தை அளக்கற மீட்டர் ஏமாந்து எல்லாத்தையும் சாம்பலாக்கிடும், அதனால லென்ஸை ஒரு ஸ்டாப் அதிகமா, அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு உள்ள வர்ற மாதிரி, திறக்கணும், அத மொதல்ல பழகுங்க. அப்புறம் அப்பத்தாவோட லயன் வீட்டுல (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) அடுப்பு வெளிச்சம் மட்டும் அவங்க முகத்துல விழறப்போ போன்லயாவது எடுத்துப் பாருங்க, எனக்கு அந்த முகத்தைப் பாக்க ரொம்ப ஆசையா இருக்கு. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்துல ஒளிப்பதிவுக்குன்னே படிப்பு இருக்கு, விசாரிங்க.