ஐஸ் போட்டதும் விஸ்கி கலங்கினால் போலியா?

கேள்வி: துபாயிலிருந்து வந்த மைத்துனர் ஒரு சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் காய்ச்சிய ஸ்காட்லாந்து விஸ்கி) கொடுத்தார். லேபிளில் ஆல்கஹால் 46 சதவீதம் என்றிருக்கிறது. ஐஸ் போட்டதும் புகை படிந்தாற்போல் கலங்கிவிட்டது. போலியா? தண்ணீரே சேர்க்கக் கூடாது என்கிறார் நண்பர். அவரே 'ஏர்போர்ட் சரக்கு' பாதி விலைக்கு வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கலங்கியதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பீப்பாயில் ஊறிய விஸ்கியில் எண்ணெய்ப்பசை கொண்ட சில பொருட்கள் கரைந்திருக்கும். குளிர்ந்தாலோ, தண்ணீர் சேர்ந்து காரம், அதாவது ஆல்கஹால் அளவு, குறைந்தாலோ அவை பிரிந்து மங்கலாகத் தெரியும். 40 சதவீதத்தில் வரும் பெரும்பாலான பிராண்டுகளில் விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டி, இவற்றை முன்பே எடுத்துவிடுவார்கள். உங்களுடையதில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். குடிக்கலாம்.

எந்தக் கலங்கல் எது என்று மட்டும் வேறுபடுத்திப் பாருங்கள். சீல் உடைக்காத பாட்டிலே கலங்கலாக இருந்தால்? குளிரில் கிடந்து வந்திருக்கலாம்; ஒரு நாள் வெளியே வையுங்கள், தெளிந்துவிடும். திறந்த பிறகு பழுப்புத் துகள் மிதந்தால் அது தக்கை உதிர்ந்தது. டீ வடிகட்டியில் வடித்தால் போதும். ஆனால் 40 சதவீத பாட்டில், நம் ஊர் வெயிலிலும் தெளியாமல் கலங்கியே நின்றால் தொடாதீர்கள்.

தண்ணீர் தாராளமாகச் சேர்க்கலாம். ஸ்காட்லாந்தில் விஸ்கி கலக்கும் நிபுணர்களே ஆல்கஹால் சுமார் 20 சதவீதமாகக் குறையும்வரை தண்ணீர் சேர்த்துத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். 30 மில்லியில் முதலில் ஒரு டீஸ்பூன் விட்டு முகருங்கள். மூக்கு எரிந்தால் இன்னொன்று. மூன்று டீஸ்பூன் விட்டால் உங்கள் 46, ஏறக்குறைய 30 ஆகிவிடும். குளோரின் வாடையில்லாத கேன் தண்ணீர் நல்லது. வாய் குறுகிய கிளாஸ் வேண்டும், ஒயின் கிளாஸ் போதும். ஐஸ் மணத்தை அமுக்கிவிடும். வேண்டுமென்றால் பெரிய கட்டி ஒன்று போடுங்கள்; மீனும் இட்லி மாவும் இருக்கும் ஃபிரிட்ஜில் உறைந்த ஐஸ் வேண்டாம்.

இனி அந்த ஏர்போர்ட் சரக்கு. வாங்காதீர்கள். பயணி ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர்தான். மாதாமாதம் பெட்டி பெட்டியாக ஒருவரிடம் எப்படி வரும்? அசல் காலி பாட்டில், அசல் அட்டைப்பெட்டி, உள்ளே ஏதோ மலிவுச் சரக்கு: வியாபாரம் இதுதான். குலுக்கிக் குமிழி பார்ப்பதும் கையில் தேய்த்து முகர்வதும் காரம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். மெத்தனால் என்ற விஷச் சாராயம் இருந்தால் நாக்குக்கும் தெரியாது.

லேபிளில் ஒன்று பாருங்கள். 2012 நவம்பர் முதல் சிங்கிள் மால்ட் ஸ்காட்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் 'இந்தியாவில் அடைக்கப்பட்டது' என்று சிங்கிள் மால்ட் வந்தால் பேச்சே வேண்டாம், போலி. பிளெண்டட் ஸ்காட்ச் (மால்ட் விஸ்கியும் மற்றத் தானிய விஸ்கியும் கலந்தது) இங்கே அடைபடுவது சட்டப்படி சரி. 'ஸ்காட்ச் மால்ட் கலந்தது' என்று பெரிதாகப் போடும் உள்ளூர் விஸ்கி ஸ்காட்சே அல்ல.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேரமல் சாயம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஜெர்மனியில் விற்றால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும். அதே பாட்டில் பிரிட்டனில் விற்றால் சொல்ல வேண்டியதில்லையாம்! 12 ஆண்டு என்று போட்டால் கலவையில் இருக்கும் ஆகக் குறைந்த வயது அது. மற்றவற்றின் வயதைத் தயாரிப்பாளரே சொல்ல விரும்பினாலும் விதி விடாது. வாங்குகிறவனுக்கு உண்மை தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டமோ.

மிச்சத்தை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் காரம் தக்கையை அரிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் சில மாதங்களில் முடித்துவிடுங்கள், காற்று பட்டு மணம் போய்விடும். முடிந்ததும் லேபிளைக் கிழித்து, மூடியை நசுக்கி, அட்டைப்பெட்டியை வெட்டிப் போடுங்கள். பெட்டியோடு கொடுத்தால் கூடுதல் காசு தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.