ஆப் அப்புறம், குழாயடி முதலில்

கேள்வி: எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் 'டிசைன் திங்கிங்' (மக்களிடம் கேட்டறிந்து அவர்கள் தேவைக்கேற்ற தீர்வு கண்டுபிடிக்கும் முறை) போட்டிக்குத் தயாராகிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் பெண்கள் காத்துக் கிடப்பதுதான் எடுத்த பிரச்சினை. மொபைல் ஆப் செய்யலாம் என்கிறார்கள். சரியா?
– ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் குழாயடிக்குப் போகட்டும். பேச ஒருவர், எழுத ஒருவர் போதும். ஐந்து பேரும் சூழ்ந்து நின்றால் எந்த அக்காவும் மனம்விட்டுப் பேச மாட்டார். "ஆப் இருந்தால் நல்லதா?" என்று கேட்டால், பிள்ளைகள் முகம் வாடக் கூடாதென்றே "ஆமாம்" என்பார்கள். "கடைசியாக எப்போது தண்ணீர் பிடிக்க முடியாமல் போச்சு? அப்போ எங்கே இருந்தீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். குழாயடிக்கே வராதவர்களை வீடு தேடிப் போய்க் கேட்பது இன்னும் முக்கியம். தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்பதை இரண்டு வாரம் நோட்டில் குறிக்கட்டும்.

வீட்டிலேயே இருந்தும் தண்ணீர் வந்தது தெரியவில்லை என்று பலரும் சொன்னால், தண்ணீர் வந்ததும் ஒலிக்கும் ஒரு பஸ்ஸரே போதும். வேண்டியவை: பிசி 547 டிரான்சிஸ்டர் (சுவிட்ச்போல் வேலை செய்யும் மூன்று கால் உறுப்பு), 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, பேட்டரி கொடுத்ததும் தானே ஒலிக்கும் பஸ்ஸர், இரண்டு எவர்சில்வர் ஸ்க்ரூ, ஒரு பிளாஸ்டிக் டம்ளர். டம்ளரின் அடிப்பக்கம் 1 செ.மீ. இடைவெளியில் ஸ்க்ரூக்களைப் பொருத்துங்கள். ஒன்று ரெசிஸ்டர் வழியாக பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, மற்றது டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கு. தட்டைப் பக்கம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால், இடக்கால் பஸ்ஸரின் மைனஸுக்கு, வலக்கால் பேட்டரியின் மைனஸுக்கு. பஸ்ஸரின் பிளஸ் நேரே பேட்டரி பிளஸ்ஸுக்கு. குழாயை நூல்போல் ஒழுகும் அளவு திறந்துவைத்து அடியில் டம்ளரை வைக்க வேண்டும்; தண்ணீர் இரண்டு ஸ்க்ரூக்களையும் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து பஸ்ஸர் ஒலிக்கும்.

டம்ளரின் அடியில் ஊசித்துளை போட மறந்தால் தண்ணீர் நின்ற பிறகும் பஸ்ஸர் கத்தி, பேட்டரி தீர்ந்துவிடும். துளையில் மண் அடைத்தாலும் இதே கதிதான். ஸ்க்ரூவுக்குப் பதில் செம்புக் கம்பி வைத்தால், மின்சாரம் பாய்வதால் அரித்துச் சீக்கிரம் கரையும். உப்புத் தண்ணீரில் மைனஸ் பக்க ஸ்க்ரூவில் வெள்ளை படியும்; புளி தேய்த்துக் கழுவலாம். மழைச்சாரல் விழாமல் மறைப்பும் வேண்டும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று வைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

தோப்பு வேலைக்குப் போனவருக்கு பஸ்ஸரால் பயனில்லை. அவருக்காக அந்த நோட்டைக் கிராமசபையில் வைத்து, நேரத்தை நிலையாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் டிசைன்தான். போட்டி நடுவருக்குக் கருவிதான் பிடிக்கும் என்றால், போகட்டும்.

கேள்வி: போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது. மணல், கரி வடிகட்டி செய்து வீடுகளுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு மாணவர், எருத்தேம்பதி

பதில்: வேண்டாம், தம்பி. மணலும் கரியும் கலங்கலைக் குறைக்கும். கரைந்த ஃபுளோரைடு அப்படியே இறங்கிவிடும். கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி அளவு இன்னும் கூடும். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5. கண்ணாடியைத் தவிர்த்து பிளாஸ்டிக் பாட்டிலில், அதே தண்ணீரால் கழுவி, ஒவ்வொரு போர்வெல்லிலும் சாம்பிள் எடுத்து நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். முடிவு வந்ததும் எந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாம் என்று வரைபடம் போடுங்கள். ஆனால் போர்வெல்லின் சொந்தக்காரரைக் கேட்காமல், குடிக்கக் கூடாது என்று அதன்மேல் சிவப்புப் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.