கந்தோரில் (அரச அலுவலகத்தில்) பேச்சும் எழுத்தும்: சில கேள்விகள்

கேள்வி: வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வரும் வயதானவர்களிடம் "பொறுப்பானவர் லீவு, நாளைக்கு வாங்கோ" என்றால் கோபப்படுகிறார்கள். நான் என்ன செய்வது?
(முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், மட்டக்களப்பு)

அவர்களுடைய அந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வெல்லாவெளிப் பக்கமிருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வருகிறவர் விடியவே பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். அவருக்கு "நாளைக்கு" என்பது பதிலே இல்லை. என்ன ஆவணம் குறைகிறது, யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் திகதியில் வர வேண்டும் என்பதை ஒரு துண்டில் எழுதி, உங்கள் பெயரையும் கந்தோர்த் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விதவைத் தாயை நான் மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நாலாம் முறைதான் அவருடைய கோவையை (ஃபைலை) திறந்து பார்த்தேன். கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் ஒன்றுதான் குறைவு. முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

வந்தவர் தகவல்தான் கேட்கிறார் என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நினைவிருக்கட்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். கோரிக்கை கிடைத்ததாக உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவுக்கு 14 வேலை நாட்கள்தான்.

கேள்வி: அம்பாறையிலிருந்து சிங்களத்தில் கடிதம் வருகிறது. தமிழில் பதில் போட்டால் பிழையா?
(அபிவிருத்தி உத்தியோகத்தர், திருக்கோவில்)

பிழையே இல்லை. 1988 இல் வந்த, இலங்கை அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தத்தின்படி கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ். ஆனால் வேலை முடிய வேண்டுமே. அந்தப் பக்கம் இருப்பவரும் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுகிறவர்தான். தமிழ்க் கடிதத்தோடு, விடயம் என்ன, எப்போது வேண்டும் என்று இரண்டு வரி சிங்களத்திலும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்தவர்கள் இரண்டாம் மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதி வந்தது உங்களுக்குத் தெரியும். பரீட்சைப் புத்தகத்தோடு நிற்காமல், உங்கள் மேசைக்கு வரும் கடிதங்களிலேயே தினம் ஐந்து சொல் எடுத்துப் படியுங்கள். வேலையிலும் உடனே உதவும்.

கேள்வி: மேலதிகாரி எல்லாவற்றையும் வாயால் சொல்கிறார். கணக்காய்வு வந்தால் நான்தான் மாட்டுவேன் என்று பயமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், கல்முனை)

பயம் நியாயமானது. அதற்காக "எழுதித் தாருங்கள் சேர்" என்று முகத்துக்கு நேரே கேட்கவும் வேண்டாம். அன்றைக்கே கோவையில் குறிப்பு எழுதுங்கள்: "இன்று தாங்கள் வாய்மொழியாக அறிவுறுத்தியபடி இக்கொடுப்பனவைத் தயாரித்துள்ளேன். அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்." அவர் கையொப்பமிட்டால் சரி. காசு சம்பந்தப்பட்டது என்றால் கையொப்பம் வரும்வரை ஓர் அடியும் எடுக்காதீர்கள். நிதிப் பிரமாணத்தை (அரச பணத்தைக் கையாளும் விதிகளை) தடைதாண்டல் பரீட்சை என்ற உத்தியோகத்தர் தகுதிப் பரீட்சைக்காக மட்டும் படித்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி: இரவு பத்து மணிக்கும் கந்தோர் வாட்ஸ்அப் குழுவில் வேலை வருகிறது.
(ஏறாவூர்)

வெள்ளம், புயல் என்றால் எத்தனை மணியானாலும் பதில் போடுங்கள், நம் மாவட்டத்துக்கு அது அவசியம். மற்றதைக் காலையில் பார்க்கலாம். அப்புறம், குழுவில் வந்த அறிவுறுத்தலை அச்செடுத்துக் கோவையில் சேர்க்க மறக்காதீர்கள்.