சபை வரலாறு படித்தால் விசுவாசம் குறைந்துவிடாதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "உங்களுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வாசிப்பு, எழுத்து, அதிலும் சபை வரலாறு என்று எப்படி இறங்கினீர்கள்? தோண்டத் தோண்ட விசுவாசம் ஆட்டம் காணாதா? நானும் படிக்க ஆசைப்படுகிறேன், எங்கே ஆரம்பிப்பது?"

நான் இறையியல் படித்தவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயனாவரத்தில் வீடு. பகல் முழுக்க ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். வரலாறு எனக்குச் சனிக்கிழமை வேலை.

ஆரம்பித்தது ஓர் அசட்டுத்தனத்தில். கல்லூரி இரண்டாம் வருடம், நண்பன் ஒருவனுடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனை வராந்தாவில் அவனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் கத்தோலிக்க வீட்டுப் பையன். கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில், "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டியில் வருஷா வருஷம் பரிசு வாங்கிய திமிர் விடுமா? "டேய், அது 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்'" என்று திருத்தினேன்.

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "உங்க சர்ச்ல பாஸ்டரை என்னன்னு கூப்பிடுவீங்க?"

"ஆயர்."

"அப்போ திருப்பாடல்ல வந்தா மட்டும் குத்துதா?"

என்னிடம் பதில் இல்லை. புராட்டஸ்டன்ட்காரர்கள் நாங்கள் சங்கீதம் என்போம், கத்தோலிக்கர்கள் அவர்கள் திருப்பாடல் என்பார்கள். எங்களுக்குக் கர்த்தர், அவர்களுக்கு ஆண்டவர். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு கோயில், ஒரே புத்தகம், இரண்டு தமிழ். இது ஏன் என்று பத்தொன்பது வயது வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. அவன் அப்பா பிழைத்துக்கொண்டார், அது வேறு கதை. எனக்கு அன்றைக்குப் பிடித்த அரிப்பு இன்னும் விடவில்லை.

வீட்டில் ஆச்சியின் வேதாகமம் ஒன்று இருக்கிறது. நாசரேத் பக்கத்திலிருந்து தாத்தாவுக்கு ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் வந்தது. அட்டைக்கு மேல் காக்கித்தாள், அதற்கு மேல் எங்கள் பழைய பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை. சங்கீதம் 23 இருக்கிற பக்கம் மட்டும் கைபட்டுக் கைபட்டு மஞ்சளாகி, ஓரம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. சின்ன வயதில் 'தாழ்ச்சியடையேன்' என்றால் தாழ்ப்பாள் போடுகிற விஷயம் என்று நினைத்திருந்தேன். ராத்திரி கதவைச் சாத்தும்போதுதான் ஆச்சி அதைச் சொல்வார், அதனால்கூட இருக்கலாம்.

அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனேன். தேடிக் கிடைத்ததில் என்னை உலுக்கியது ஒரே ஒரு விஷயம்: கடவுளை நாங்கள் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ, அந்தப் பெயருக்கே ஒரு வரலாறு இருக்கிறது.

1578ல் கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் அச்சடித்த சின்னப் புத்தகம்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகச் சொல்லப்படுவது. பதினாறே பக்கம். பெயர் 'தம்பிரான் வணக்கம்'. ஆக அன்றைக்குக் கடவுள் 'தம்பிரான்'. சிவனைக் கூப்பிட்ட அதே சொல். 1606ல் மதுரைக்கு வந்து, கடைசியில் நம் மயிலாப்பூரில் கண்மூடிய தத்துவ போதகர், அதாவது இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, 'சர்வேசுரன்' என்றார். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோதும் சர்வேசுரன்தான். அடுத்து வந்த பெப்ரிசியஸ் அதை மாற்றிப் 'பராபரன்' என்றார். தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி 'பராபரமே' என்று உருகியதும் அதே நூற்றாண்டில்தான். பிறகு வந்த மிஷனரி ரேனியஸ் 'தேவன்' என்றார்; 1871ல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பிலும், அதாவது ஆச்சி வைத்திருக்கும் வேதாகமத்திலும், அதுவே நின்றது. 1995ல் வந்த திருவிவிலியம், நண்பன் வீட்டில் வாசிக்கிற மொழிபெயர்ப்பு, 'கடவுள்' என்கிறது.

நானூறு வருடத்தில் ஐந்து பெயர், ஐந்துமே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியவை. இது தெரிந்த பிறகு 'கர்த்தர்தான் சரி, ஆண்டவர் தப்பு' என்று யாரிடம் போய் வாதாடுவது?

இடையில் ஓர் உபகதையும் உண்டு. 1850ல் பெர்சிவல் பாதிரியார் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் உழைப்பு இருக்கிறது. பிற்காலத்தில் கிறிஸ்தவ மதப் பிரசாரத்தை எதிர்த்து அத்தனை எழுதிய சைவர்தான் அவர். அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் எங்கள் ஞாயிறு ஆராதனைத் தமிழ் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம் பெப்ரிசியஸ். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, 29ஏ பஸ்ஸில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ தடவை போயிருக்கிறேன். யாரோ வெள்ளைக்காரர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஜெர்மானியர். 1742ல் சென்னைக்கு வந்தவர், சாகும்வரை ஏறக்குறைய ஐம்பது வருடம் இங்கேதான். 1761ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களுடைய அச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இங்கே அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வேலை வரும்போது அடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரியில் இவரிடம் கொடுத்தார்கள். போரில் கொள்ளையடித்த அந்த இயந்திரத்தால்தான் வேப்பேரிக்கு ஓர் அச்சகம் வாய்த்தது. 1772ல் அவருடைய புதிய ஏற்பாடு, 1779ல் தமிழ்–ஆங்கில அகராதி. ஜெர்மன் பாட்டுகளை அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளை லுத்தரன் சபைகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

இவ்வளவும் நல்லபடியாகப் போகிறதா? அந்த மனுஷனுக்குப் பணம் கையாளத் தெரியவில்லை. மிஷன் பணம், மற்றவர்கள் நம்பிக் கொடுத்து வைத்த பணம், எல்லாவற்றையும் வட்டிக்குக் கொடுத்தார். திரும்பி வரவில்லை. கடனாளியாகி, முதுமையில் சிறைக்கும் போனார். 1791ல் இறந்தார். பழைய ஏற்பாடு முழுதும் அச்சேறி முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை.

கணக்கு வேலை பார்க்கிறவன் என்பதாலோ என்னவோ, இந்த இடத்தில் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். அடுத்தவர் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்காததால் வந்த வினை. எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒருவர் இதே கதையோடு வந்து உட்காருவார். அதே பெப்ரிசியஸ்தான் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு, 'பராபரன்' சரியா 'சர்வேசுரன்' சரியா என்று மல்லுக்கட்டியிருக்கிறார்.

இதை ஒரு கட்டுரையாக எழுதினேன். சபைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். பொறுப்பாக இருந்த அண்ணன் நல்லவர்தான், போன் பண்ணி, "தம்பி, நல்லா எழுதுறீங்க. ஆனா அந்த ஜெயில் விஷயம் விசுவாசிகளுக்கு இடறலா இருக்கும்" என்றார். சரி, பேசி முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். அச்சில் பார்த்தால் அந்தப் பத்தியே இல்லை. அதற்குப் பதிலாக, 'இறுதிவரை கர்த்தருடைய பணியில் நிலைத்திருந்தார்' என்று ஒரு வரி. என் பெயருக்கு மேலே, நான் எழுதாத வரி.

வீட்டில் வந்து புலம்பினேன். ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டு, நிமிராமலே சொன்னார்: "ஏலே, பேதுரு மறுதலிச்சதை எடுத்துட்டா வேதபுஸ்தகம் அச்சடிச்சான்?"

விசுவாசம் ஆட்டம் காணாதா என்று கேட்டீர்களே, ஆச்சி சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் சென்னைக்காரனாக இருந்துகொண்டு இயேசுவின் சீடர் தோமாவைத் தொடாமல் போக முடியாது. கி.பி. 52ல் வந்தார், 72ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், சாந்தோமில் அடக்கம். இது மரபு. அந்தக் காலத்துச் சான்று என்று காட்ட இங்கே ஒரு கல்லும் கிடையாது. பரங்கிமலையில் இருக்கும் கற்சிலுவை 1547ல் கிடைத்தது. அதைச் சுற்றி இருக்கும் பஹ்லவி எழுத்து, அதாவது பழைய பாரசீக எழுத்து, தோமாவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இதை முதலில் படித்தபோது வயிற்றில் லேசாக ஏதோ கரைந்தது, மறுக்கவில்லை.

அதே தேடலில் மார்க்கோ போலோவும் கிடைத்தார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதியதில், அந்தக் கல்லறைக்கு யாத்திரிகர்கள் வந்து அங்கிருக்கும் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்று வருகிறது. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அந்த இடத்தை மதித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். முதல் நூற்றாண்டில் என்ன நடந்தது என்று எனக்கு நிரூபிக்க வராது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காக ஓர் அம்மா கைப்பிடி மண்ணோடு இந்தக் கடற்கரையில் நடந்துபோனது மட்டும் கண்ணில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்காரும்போது அவளும் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும்.

எழுத்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. 'கர்த்தர் அற்புதமாய் நடத்தினார்' என்று எழுதத் தோன்றும் இடத்தில் எல்லாம் பேனாவை வைத்துவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம் என்று எழுதிப் பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு பக்கம் தேறினால் அதிகம்.

எங்கே ஆரம்பிப்பது? சென்னையில் இருந்தால் கால்களிலிருந்து ஆரம்பியுங்கள். அரண்மனைக்காரத் தெரு என்று சொல்கிற ஆர்மேனியன் தெரு இருக்கிறதல்லவா, அங்கே 1772ல் கட்டிய ஆர்மேனியர் கோயில். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794ல் நம் ஊரில்தான் வந்தது. அதை நடத்திய பாதிரியார் அந்தக் கோயில் வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். பூட்டும் துணிக்கடைக் கூட்டமுமாக இருக்கும் பாரிமுனையில் அப்படி ஓர் அமைதி. கோட்டைக்குள் 1680ல் கட்டிய புனித மரியாள் ஆலயம், அடையாள அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். புத்தகத்துக்குக் கன்னிமாராவும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் போதும், ஆயுசுக்கும் காணும். திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடைகளில் நாற்பது ரூபாய்க்கு ஒரு ஞானப்பாட்டுப் புத்தகம் வாங்கினேன். சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதியும், 'அடக்கம்' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. யாருடைய அடக்கம் என்று எழுதவில்லை.

அதற்கும் முன்னால், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் போனில் பதிவு செய்ய ஆரம்பியுங்கள். நான் ஆச்சி பேசியதைப் பதினொரு மணி நேரம் பதிந்து வைத்திருக்கிறேன், பாதியில் குக்கர் விசில்தான் கேட்கும். போன வாரம் இந்தப் பெயர் விவகாரத்தை எல்லாம் சொல்லிவிட்டு, நண்பன் சொன்ன 'எனக்கேதும் குறையில்லை'யையும் வாசித்துக் காட்டினேன். "அர்த்தம் இதுதான் லேசா வெளங்குது. ஆனா எனக்கு இதைச் சொன்னா அழுகை வராதே" என்றார். பிறகு, உங்கள் வீட்டில் 'பராபரன்' என்று சொல்லி யாராவது ஜெபம் பண்ணிக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க பூட்டி பண்ணுவா. கண்ணு தெரியாது அவளுக்கு. முழுசா மனப்பாடம்" என்றார். எதை, எவ்வளவு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பதற்குள் ஏழரை மணி சீரியல் ஆரம்பித்துவிட்டது.