கொலஸ்ட்ரால் மாத்திரை போட்ட மூணாவது நாளே கால் வலி, இது மூளையோட வேலையா?

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயசு, ரொம்ப வருஷமா சுகர் இருக்கு. போன மாசம் எங்க டாக்டர் அட்டார்வாஸ்டாட்டின் 20 எழுதிக் குடுத்தார். என் நாத்தனார் இதே மாத்திரை போட்டு கால் வலி தாங்காம விட்டுட்டாங்க, "சதையே கரைஞ்சிடும், பாத்துக்கோ"ன்னு சொன்னாங்க, வாட்ஸப்லயும் அதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. மூணாவது நாளே எனக்கும் தொடை, கெண்டைக்கால் எல்லாம் வலி. கம்ப்யூட்டர் படிக்கிற என் பையன் "உனக்கு வலியே இல்லம்மா, மூளை தப்பா ப்ரெடிக்ட் பண்ணுது, ஏஐ கூட இப்படித்தான்"ங்கறான். நிறுத்திடவா?

பதில்: நீங்களா நிறுத்தாதீங்கம்மா. பையன் சொன்னதுல பாதி ரொம்ப சரி, ஆனா "வலியே இல்ல"ன்னு சொன்னான் பாருங்க, அது தப்பு, வலிக்குதுன்னு நீங்க சொன்னா வலிக்குது அவ்வளவுதான், எங்கேந்து வருதுங்கறதுதான் கேள்வி.

இதே கேள்விய லண்டன் இம்பீரியல் காலேஜ்ல சாம்சன்னு ஒரு ஆய்வா பண்ணி 2020ல வெளியிட்டாங்க. ஸ்டாட்டின் (உங்க அட்டார்வாஸ்டாட்டின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்குள்ளயே ஒத்துக்கலன்னு நிறுத்தின 60 பேர எடுத்துகிட்டாங்க, ஆளுக்கு 12 பாட்டில், மாசத்துக்கு ஒண்ணு, நாலுல அட்டார்வாஸ்டாட்டின் 20 (உங்க டோஸேதான்), நாலுல மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, மீதி நாலு காலி பாட்டில். எது மருந்து எது டம்மின்னு அவங்களுக்கு சொல்லல, தினமும் தொந்தரவு எவ்வளவுன்னு 100க்கு மார்க் போன்ல போடணும். காலி பாட்டில் மாசத்துல சராசரி 8, மருந்து மாசத்துல 16.3, டம்மி மாசத்துல எவ்வளவு தெரியுமா, 15.4! அதாவது மாத்திரையால கூடின தொந்தரவுல 90 சதவீதம் வெறும் டம்மிலயே வந்துடுச்சு. வந்த வேகமும், நிறுத்தினா அடங்கற வேகமும்கூட ரெண்டுலயும் ஒண்ணுதான். அதனால "நிறுத்தினேன், வலி போச்சு, அப்போ மருந்துதான் காரணம்"னு முடிவு கட்ட முடியாது.

இத கேட்டுட்டு "அப்போ எல்லாம் மனப்பிரமை"ன்னு யாராவது சொன்னா எனக்கு கோவமே வரும். ஜெர்மனில ஹாம்பர்க்ல 2013ல ஒரு வேலை பண்ணாங்க, மருந்தே இல்லாத க்ரீம கையில தடவி வலி கூடும்னு நம்ப வெச்சு, கழுத்துப் பக்கம் தண்டுவடத்த ஸ்கேன்ல பாத்தா வலி சிக்னல் அங்கயே கூடியிருந்துச்சு, மூளைக்கு மேல ஏறிப் போறதுக்கு முன்னாடியே. இத்தாலில டூரின்ல பெனடெட்டி டீம் 1997லயே இன்னொண்ணு காட்டினாங்க, ஆபரேஷன் ஆனவங்களுக்கு சும்மா உப்புத்தண்ணிய ஊசில ஏத்தி "வலி கூடும்"னு சொன்னா நெஜமாவே கூடுது, கோலிசிஸ்டோகைனின்ங்கற கெமிக்கல தடுக்கற மருந்து குடுத்துட்டா கூடறதில்ல. பயம் உடம்புக்குள்ள கெமிக்கலா மாறி வேலை செய்யுது, உங்க நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்த பலம் இருக்கு.

இப்போ பையன் சொன்னதுல சரியான பாதிக்கு வரேன், மூளை ப்ரெடிக்ட் பண்ணுதுங்கறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி குரங்குக்கு லைட்ட காட்டிட்டு ஜூஸ் குடுத்தார். ஆரம்பத்துல ஜூஸ் வரும்போது துடிச்ச, மூளையில டோபமின்ங்கற கெமிக்கல விடற செல்லுங்க, பழகினப்புறம் லைட்டுக்கே துடிச்சுது, லைட் காட்டியும் ஜூஸ் வரலைன்னா கரெக்டா அந்த நேரத்துல அடங்கிப் போச்சு. எதிர்பார்த்ததுக்கும் கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசத்த அந்த செல் சொல்லுது. மெஷினுக்கு, அதாவது பையன் சொன்ன ஏஐக்கு, கத்துக் குடுக்க ரிச்சர்ட் சட்டன்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1988ல எழுதின கணக்கும் இதேதான், 1997ல ஷுல்ட்ஸும் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் சேர்ந்து ரெண்டையும் பொருத்திக் காட்டினாங்க. பையன்கிட்ட கேளுங்க, தெரிஞ்சிருக்கும்.

ஆனா ஒரு இடத்துல நீங்க அந்த மெஷின் மாதிரி இல்ல. ஜூஸ் வரலைன்னா குரங்கு கத்துக்கும், மெஷினும் கத்துக்கும், ஏன்னா எதிர்பார்ப்பு போய் ஜூஸ மாத்த முடியாது. வலில அப்படி இல்லம்மா, எதிர்பார்ப்பே வலிய கூட்டிடுது, அப்போ மூளைக்கு "பாத்தியா, நான் நெனச்ச மாதிரியே ஆச்சு"ன்னுதான் தோணும், தப்புன்னு தெரியவே வராது, அதான் இந்த வலி தானா போக மாட்டேங்குது. சாம்சன்ல அவங்கவங்க மார்க்க அவங்ககிட்டயே காட்டினாங்க, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு பாத்தா பாதிப் பேர், 30 பேர், திரும்ப மாத்திரை போட்டுகிட்டிருந்தாங்க. நம்ம வலியோட கணக்க கண்ணால பாக்கறதுக்கு அவ்வளவு மதிப்பு இருக்குன்னு நான் நம்பறேன்.

அதுக்காக உங்களுது எதிர்பார்ப்பு வலிதான்னு இங்கேந்தே நான் முத்திரை குத்த முடியாது. ஸ்டாட்டினால தசை நெஜமா பாதிக்கறதும் உண்டு, கொஞ்சப் பேருக்கு. மாடிப்படி ஏற முடியாம, உக்காந்த எடத்துலேந்து எழ முடியாம பலவீனம் வந்தா, யூரின் டீ டிகாக்ஷன் கலர்ல போனா, மாத்திரைய அன்னிக்கே நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, இதுக்கு மட்டும் யாரையும் கேக்க வேண்டாம். மத்தபடி உங்க டாக்டர்கிட்ட சொல்லி சிகே ரத்தப் பரிசோதனையும் (தசை பாதிச்சிருக்கான்னு காட்டும்) தைராய்டும் பாத்துக்கோங்க, தைராய்டு கம்மியா இருந்தா இந்த தொந்தரவு கூடும். கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் எதாவது நடுவுல எடுத்தீங்களான்னும் சொல்லுங்க, அதுவும் இத கூட்டும்.

ரிப்போர்ட் நார்மல்னா இன்னிக்கே ஒரு நோட்டு போட்டு தினமும் ராத்திரி 100க்கு எவ்வளவு வலின்னு எழுதுங்க, மாத்திரைய சில வாரம் விட்டுட்டு திரும்ப ஆரம்பிச்சுப் பாக்கலாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும், விட்ட நாள்லயும் எழுதறத விடாதீங்க. அப்பவும் மருந்துதான்னு தெரிஞ்சா டோஸ் கொறைக்கலாம், ரோசுவாஸ்டாட்டின்ங்கற இன்னொரு ஸ்டாட்டினுக்கு மாத்தலாம், ஸ்டாட்டின் இல்லாத எசெடிமைப்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரைய சேக்கலாம், வழி நெறைய இருக்கு. சுகரோட இந்த வயசுல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ரிஸ்க் சின்னது இல்ல, அதனால ஒரு மாத்திரை ஒத்துக்கலைன்னு மொத்தமா விட்டுடாதீங்கம்மா.