4 பர்சென்ட் கேண்டிடேட்டுக்கு நியூ ஹாம்ப்ஷயர்ல சான்ஸ் இருக்கா?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல நாஷுவா ஊர்ல இருக்கற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, கேள்விய சுருக்கி போடறேன்: "அண்ணா, எனக்கு சிட்டிசன்ஷிப் வந்து எட்டு மாசம் ஆகுது, அடுத்த பிரெசிடென்ட் பிரைமரிதான் (கட்சியோட வேட்பாளர ஜனங்க தேர்ந்தெடுக்கற ஓட்டு) என்னோட மொத பிரைமரி. ஒரு கேண்டிடேட்ட ரொம்ப புடிச்சிருக்கு, ஆனா போல்ல 4 பர்சென்ட்தான் காட்டுது. அவருக்கு டோனேஷன் குடுக்கலாமா, வாலண்டியரா போகலாமா, இல்ல ஜெயிக்கற ஆளா பார்த்து ஓட்டு போடறதா? வீட்டுக்காரர் இன்னும் எச்1பிதான், அவர் காசக் கரியாக்காதங்கறாரு. ஊர்ல அப்பா வேற நானும் பத்தாயிரம் ரூபா அனுப்பறேன், சேர்த்துக் குடும்மாங்கறாரு."

அப்பா விஷயத்த மொதல்ல முடிச்சிடறேன், ஏன்னா மத்ததெல்லாம் அபிப்பிராயம், இது சட்டம். அமெரிக்கத் தேர்தலுக்கு சிட்டிசனும் கிரீன் கார்டு உள்ளவங்களும் மட்டும்தான் பணம் குடுக்கலாம். அப்பா பணத்த வாங்கி உங்க பேர்ல கட்டினாலும் அடுத்தவர் பணத்த தன் பேர்ல கட்டின குத்தம் தனியா வரும். அவர் ஆசையா சொல்றாரு, வேணாம்ப்பான்னு பக்குவமா சொல்லிடுங்க. வீட்டுக்காரரும் ஒரு டாலர் கூட குடுக்கக் கூடாது, ஆனா சம்பளம் வாங்காம வாலண்டியரா வேலை பாக்கலாம், கதவு தட்டலாம், போன் பண்ணலாம், பிரச்சாரப் பணத்த எப்படி செலவு பண்றதுங்கற மாதிரி முடிவுல மட்டும் தலையிடக் கூடாது. நீங்க குடுக்கறதா இருந்தா உங்க சம்பாத்தியத்துலேர்ந்து, உங்க பேர்ல இருக்கற கார்டுல குடுங்க. 2025-26 கணக்குப்படி ஒரு ஆள் ஒரு கேண்டிடேட்டுக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரைக்கும் குடுக்கலாம், பிரைமரி தனி, பொதுத்தேர்தல் தனி. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, மொத்தம் 200 டாலர் தாண்டினா உங்க பேரும் வேலை பாக்கற கம்பெனி பேரும் யார் வேணா பார்க்கற லிஸ்ட்ல வந்துரும், ஆன்லைன் தளம் வழியா குடுத்தா சின்ன தொகையும் வரும், ஆபீஸ்ல யாராவது பார்த்தா பரவால்லையான்னு யோசிச்சுட்டு குடுங்க.

இப்ப 4 பர்சென்ட்டுக்கு வர்றேன். நம்ம ஊர்ல தேர்தல் பார்த்து வளர்ந்தவங்களுக்கு 4 பர்சென்ட்னா டெபாசிட் காலி, அத்தோட கதை முடிஞ்சுது. பிரைமரி அப்படி இல்ல, இது தேர் மாதிரி, ஜனவரி பிப்ரவரில கிளம்பி ஜூன் வரைக்கும் மாநிலம் மாநிலமா நகரும், மொத தெருவுல எந்தப் பக்கம் திரும்புதுங்கறத பார்த்துட்டுதான் அடுத்த தெருக்காரங்க வடம் பிடிக்க வருவாங்க. 2024ல ரிபப்ளிகன் கட்சிக்கு மொத்தம் 2,429 டெலிகேட் (கட்சி மாநாட்டுல வேட்பாளர முடிவு பண்ற பிரதிநிதிங்க), அதுல வழக்கமா மொத பிரைமரி நடக்கற நியூ ஹாம்ப்ஷயருக்கு வெறும் 22. அப்ப அங்க போய் எதுக்கு எல்லாரும் பனில நிக்கறாங்கன்னா, டெலிகேட்டுக்காக இல்ல, மறுநாள் காலைல யாரப் பத்தி நாடு பேசுது, யாருக்கு பணம் வருது, யாருக்கு நிக்குதுங்கறதுக்காக.

அதனால இங்க "ஜெயிப்பாரா"ங்கறது பாதிக் கேள்விதான், "எதிர்பார்த்ததுக்கு மேல வருவாரா"ங்கறதுதான் மீதிப் பாதி. 1968 மார்ச் 12 நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரில பதவில இருந்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சன எதிர்த்து யூஜின் மெக்கார்த்தி நின்னாரு, வியட்நாம் போர நிறுத்தணுங்கற ஒரே பேச்சு, காலேஜ் பசங்க முடி வெட்டிக்கிட்டு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வீடு வீடா போனாங்க. கணக்குப்படி அவர் தோத்துட்டாரு, 42 பர்சென்ட்தான், ஜான்சனுக்கு 49க்கு மேல. ஆனா அந்தத் தோல்விய நாடே வெற்றியா பார்த்துச்சு, மார்ச் 31 ராத்திரி ஜான்சன் டிவில வந்து நான் திரும்ப நிக்கலன்னு சொல்லிட்டாரு. 1972ல எட்மண்ட் மஸ்கி 46, ஜார்ஜ் மெக்கவர்ன் 37, மஸ்கி ஜெயிச்சாரு, ஆனா அவர் பக்கத்து மெய்ன் மாநிலத்துக்காரர், சொந்த வாசல்ல பாதி கூட வாங்கலையான்னு பேச்சு வந்துச்சு, கடைசில வேட்பாளர் ஆனது மெக்கவர்ன்.

இத வச்சு 4 பர்சென்ட்டெல்லாம் ஜெயிச்சுரும்னு நான் சொன்னா அது பொய். 1972லேர்ந்து 2024 வரைக்கும் ரெண்டு கட்சியிலயும் பிரைமரில நின்னு வேட்பாளர் ஆனவங்க எல்லாரும் நியூ ஹாம்ப்ஷயர்ல மொத இடமோ ரெண்டாவது இடமோ வந்தவங்கதான், ஒரே ஒரு விதிவிலக்கு 2020ல ஜோ பைடன், அஞ்சாவது வந்தாரு, 8.4 பர்சென்ட். அவரு சாதாரண ஆளா, எட்டு வருஷம் துணை ஜனாதிபதி, சவுத் கரோலினால கறுப்பின வாக்காளர்கள் அவர் பின்னாடி நின்னாங்க. உங்க ஆளுக்கு அந்த மாதிரி பின்னாடி ஒரு மாநிலம் காத்துட்டு இல்லேன்னா அவர் நியூ ஹாம்ப்ஷயர்ல ரெண்டாவதாவது வரணும், வேற வழியில்ல.

எப்படி வரலாம்? இங்கதான் நீங்க நல்லா கவனிக்கணும். 1976ல ஜிம்மி கார்ட்டர்னா யாருன்னே ஆளுக்கு தெரியாது, ஜார்ஜியால ஒரு தவணை கவர்னரா இருந்த நிலக்கடலை விவசாயி. நியூ ஹாம்ப்ஷயருக்கு முன்னாடியே ஓட்டு நடந்த அயோவா மாநிலத்துல ஒரு வருஷமா சுத்தி, ஆதரவாளர் வீட்லயே படுத்துத் தூங்கி, 28 பர்சென்ட் பக்கம் வாங்கினாரு, அங்க மொத இடம் கூட அவருக்கு இல்ல, யாரையும் முடிவு பண்ணலன்னு சொன்னவங்கதான் 37 பர்சென்ட், ஆனாலும் பேருள்ள ஆள்கள்ல அவர்தான் முன்னாடி. அப்புறம் நியூ ஹாம்ப்ஷயர்ல, ஜார்ஜியாலேர்ந்து பனியே பார்க்காத ஜனங்க சொந்தச் செலவுல பிளேன் புடிச்சு வந்து கதவு கதவா தட்டி எங்க கவர்னர் நல்லவருங்கன்னு சொன்னாங்க. வாங்கினது 28தான், ஆனா அது போதுமா இருந்துச்சு, ஏன்னா இடதுசாரிப் பக்கம் மோ உடால், பிர்ச் பை, ஃப்ரெட் ஹாரிஸ், சார்ஜென்ட் ஷ்ரைவர்னு நாலு பேர் ஒரே ஓட்ட பங்கு போட்டுக்கிட்டாங்க, நடுவுல இவர் மட்டும் தனி. அதனால உங்க கேண்டிடேட்டோட 4 பர்சென்ட்ட விட்டுட்டு முதல்ல இருக்கறவரு எத்தனைல இருக்காருன்னு பாருங்க, அவர் 25, 30ல இருந்து மீதி ஓட்டு சிதறி கெடந்தா சந்து இருக்கு. அவர் 50ஐ தாண்டிட்டா சந்தே இல்ல.

2024ல இத கண் முன்னாடி பார்த்தோம். ரிபப்ளிகன் பக்கம் டிரம்பும் நிக்கி ஹேலியும் மட்டும் மிச்சம்ங்கற அளவுக்கு களமே காலியாச்சு, கிறிஸ் கிறிஸ்டி ஜனவரி 10ல விலகினாரு, விவேக் ராமசாமி (பாலக்காட்டு தமிழ் பேசற குடும்பம், அதனால நம்ம ஆளுங்க நெறைய பேர் ஆவலா பார்த்தாங்க, அயோவால 7.7 பர்சென்ட்தான் வந்துச்சு) ஜனவரி 15 ராத்திரியே விலகினாரு, டிசான்டிஸ் 21ல விலகினாரு, 23 பிரைமரி. டிக்ஸ்வில் நாட்ச்னு ஒரு குட்டி ஊர், நடுராத்திரில ஓட்டு போடும், அங்க இருந்த 6 ஓட்டும் ஹேலிக்கே, டிவில அதத்தான் திரும்பத் திரும்ப காட்டினாங்க. சாயங்காலம் ரிசல்ட் 54க்கு 43, டிரம்ப். ஒத்தைக்கு ஒத்தை நின்னாதான் ஜெயிக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நின்னாங்க, ஆனா எதிராளி பாதிக்கு மேல வச்சிருக்கும்போது மத்தவங்க விலகறதால என்ன ஆகும்?

இன்னொரு கதை, எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கற கதை, 1984 கேரி ஹார்ட். அயோவால வால்டர் மாண்டேல் 49, ஹார்ட் 16.5. எவ்ளோ வித்தியாசம் பாருங்க. ஆனா ரெண்டாவது வருவாருன்னு எல்லாரும் நெனச்ச விண்வெளி வீரர் ஜான் க்ளென் எங்கயோ பின்னாடி போயிட்டாரு, அந்த இடத்துல ஹார்ட் வந்து நின்னாரு, எட்டே நாள், நியூ ஹாம்ப்ஷயர்ல 37க்கு 28ன்னு மாண்டேல அடிச்சாரு. நீங்க கேக்கற 4 பர்சென்ட் அதிசயம் இதுதான், உண்மையா நடந்துச்சு. அப்புறம் ஏன் அவர் வேட்பாளர் ஆகல? ஆயிரம் காரணம் சொல்லுவாங்க, எனக்கு முக்கியமா படறது ஒண்ணுதான், சில பெரிய மாநிலங்கள்ல அவருக்கு டெலிகேட்டா நிக்க ஆளுங்க பேரையே முழுசா பதிவு பண்ணி வைக்கல, அதாவது ஜனங்க அவருக்கு ஓட்டு போட ரெடியா இருந்தாங்க, ஓட்ட வாங்கிக்க அவர்கிட்ட பாத்திரம் இல்ல. 1972ல மெக்கவர்ன் பிரச்சாரத்தயே நடத்தின மனுஷன், அவருக்கே இது நடந்துச்சு. பணமும் ஆளும் இல்லாத பிரச்சாரம் எல்லாத்தையும் மொத மாநிலத்துலயே கொட்டிடும், ஜெயிச்ச மறுநாள் காலைல கஜானா காலி.

அதனால டோனேஷன் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க ஆபீசுக்கு ஒரு தடவ போங்க. சவுத் கரோலினாலயும் நெவாடாலயும் ஆள் இருக்கா, ஒரே நாள்ல சேர்ந்து ஓட்டு போடற சூப்பர் ட்யூஸ்டே மாநிலங்கள்ல பேலட்ல (ஓட்டுச்சீட்டுல) பேரு ஏத்தற வேலை எதுவரைக்கும் வந்திருக்குன்னு கேளுங்க. நியூ ஹாம்ப்ஷயர்ல 1,000 டாலர் கட்டினா யார் பேரு வேணா பேலட்ல வரும், 2024ல ரிபப்ளிகன் பக்கம் 24 பேரு, டெமாக்ரட் பக்கம் 21 பேரு, அதுல பேரு இருக்கறதால ஒண்ணும் அர்த்தமில்ல, மத்த மாநிலங்கள்ல கையெழுத்து வேட்டை, கெடு தேதின்னு ஆயிரம் வேலை. பதில் சொல்ற பொண்ணோ பையனோ மாநிலம் மாநிலமா விவரம் சொன்னா அது சீரியஸான பிரச்சாரம், நம்பிக் குடுக்கலாம். "மொதல்ல இங்க ஜெயிப்போம், அப்புறம் பாக்கலாம்"னு சொன்னா காச வச்சுக்கோங்க, உங்க நேரத்த மட்டும் குடுங்க.

ஏன் நேரம்னா, இந்த மாநிலத்துல பணத்த விட அதுக்குதான் மதிப்பு. மொத்த ஜனத்தொகையே 14 லட்சம் சொச்சம், 2024 ரிபப்ளிகன் பிரைமரில விழுந்த ஓட்டு சுமார் 3.2 லட்சம். 2008 ஜனவரில நான் பாஸ்டன்லேர்ந்து மான்செஸ்டருக்கு வாலண்டியரா போனப்ப ஒரு வயசான அம்மா கதவத் திறந்து, மூணு பேர நேர்ல பார்த்துட்டேன், இன்னும் ஒருத்தர் பாக்கி, பார்த்துட்டுதான் சொல்லுவேன்னாங்க, பொண்ணுக்கு வரன் பார்க்கற மாதிரி அவ்ளோ பொறுப்பா. அந்த வருஷம் அயோவா ஜெயிச்ச சூட்டுல ஒபாமாதான் இங்கயும்னு கிட்டத்தட்ட எல்லா போலும் சொல்லுச்சு, அஞ்சே நாள் இடைவெளி, ஹிலரி 39க்கு 36ன்னு ஜெயிச்சாங்க. 2020ல ஏமி க்ளோபுச்சர் பிப்ரவரி 7 டிபேட்ல நல்லா பேசினாங்க, நாலு நாள் கழிச்சு கிட்டத்தட்ட 20 பர்சென்ட் வாங்கி மூணாவது, எலிசபெத் வாரனையும் பைடனையும் தாண்டி. அந்த பிரைமரில பாதிப் பேர் கிட்ட கடைசி சில நாள்லதான் முடிவு பண்ணாங்க. சோ கதவு தட்டறதுக்கு உண்மையிலேயே பலன் இருக்கு, அதுலயும் நாஷுவா பக்கம் இருக்கற நம்ம தமிழ், தெலுங்கு குடும்பங்க வீட்டுக் கதவ இது வரைக்கும் யாரும் சரியா தட்டினதில்லங்கறது என் அனுபவம், நீங்க போனா உள்ள கூப்பிட்டு காபி குடுத்து கேப்பாங்க. வீட்டுக்காரரயும் கூட்டிட்டுப் போங்க.

ஓட்ட வீணாக்கறனோங்கற பயத்துக்கு வர்றேன். டெமாக்ரடிக் கட்சில 15 பர்சென்ட் வாங்கினாதான் டெலிகேட், நம்ம ஊர் டெபாசிட்டுக்கு ஆறுல ஒரு பங்கு வேணும்ல, கிட்டத்தட்ட அதே கோடு. 2020ல சாண்டர்ஸ் 26 பக்கம், புட்டிஜெஜ் 24 பக்கம், ரெண்டு பேருக்கும் தலா 9 டெலிகேட், க்ளோபுச்சருக்கு 6, வாரனுக்கும் பைடனுக்கும் பூஜ்யம். அதனால கடைசி வாரத்துல உங்க ஆள் 12, 13ன்னு ஏறிட்டு இருந்தா கண்ண மூடிட்டு அவருக்கே போடுங்க, ஒவ்வொரு ஓட்டும் அந்தக் கோட்ட தாண்ட வைக்கும். இன்னும் 4லயே நின்னுட்டு இருந்து, முதல் ரெண்டு இடத்துல இருக்கறவங்கள்ல ஒருத்தர் வரவே கூடாதுன்னு நீங்க மனசார நெனச்சா, அவருக்கு எதிர்ல இருக்கறவருக்கு போடறது தப்பே இல்ல. ரெண்டு பேர்ல யாரு வந்தாலும் பரவால்லன்னா புடிச்சவருக்கே போடுங்க, அந்த ஓட்டுக்கு வேற எங்கயும் இத விட நல்ல வேலை கிடையாது. நான் உங்க இடத்துல இருந்தா டிசம்பர் கடைசி வரைக்கும் வாலண்டியர் வேலை பார்த்துட்டு, சின்னத் தொகையா மாசாமாசம் குடுத்துட்டு, முடிவ கடைசி டிபேட்டுக்கு அப்புறம் எடுப்பேன்.

கடைசியா பதிவு விஷயம். நியூ ஹாம்ப்ஷயர்ல எந்தக் கட்சியும் சாராத வாக்காளரா பதிவு பண்ணிக்கோங்க, அன்னிக்கு பூத்துல எந்தக் கட்சி பேலட் வேணும்னு கேட்டு வாங்கி ஓட்டு போட்டுட்டு, வெளிய வரும்போது அங்கயே ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டா திரும்ப கட்சி சாராதவரா ஆயிடலாம். ஒரு கட்சில பதிவு பண்ணிட்டா இன்னொரு கட்சி பேலட் கேக்க முடியாது, மாத்தணும்னா அதுக்கு பல மாசம் முன்னாடியே கெடு முடிஞ்சிரும். 2024ல வந்த சட்டப்படி புதுசா பதிவு பண்றவங்க சிட்டிசன்னு ஆதாரம் காட்டணும், கையெழுத்து போட்டு உறுதி குடுத்தா போதுங்கறது இப்ப இல்ல. அதனால அன்னிக்கே போய் பாத்துக்கலாம்னு விடாதீங்க, சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட்டோ அமெரிக்க பாஸ்போர்ட்டோ, வீட்டு முகவரிக்கு ஒரு ஆதாரமும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே நாஷுவா சிட்டி கிளார்க் ஆபீஸ் போய் பதிவு பண்ணிடுங்க, பேரு பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி லைசன்ஸ்ல ஒரு மாதிரி இருந்தா (நம்ம இனிஷியல், அப்பா பேரு குழப்பம்) கல்யாண சர்டிபிகேட்டயும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க.